இரண்டு தரம் கொதித்த தண்ணீர்

சுகாதாரச் சுவரொட்டிகளுக்கு வாசகம் எழுதுவதுதான் பதினொரு வருடமாக என் பிழைப்பு. கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு, ஊர்ச் சனம் எதைக் குடிக்க வேண்டும், எப்படிக் கை கழுவ வேண்டும் என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். யாராவது மாறினார்களா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் ஒரு மாதர் சங்கம் சுவரொட்டியே இல்லாமல் சனத்தின் பழக்கத்தை மாற்றுகிறது என்று கேள்விப்பட்டபோது கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. கடந்த மாசியில் யாழ்ப்பாணம் போனதும் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கினேன்.

காலை 7.20க்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, எழுபது ரூபாய் டிக்கெட்டில் 7.55க்கு மருதனார்மடம் சந்தியில் இறங்கினேன். சந்தையில் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன். ஆறு கிலோமீட்டர், அறுநூறு ரூபாய். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பதைப் பார்க்கப் போகிறேன் என்றதும் சாரதிக்கு மனம் நொந்துவிட்டது. "எங்கடை தண்ணி குடிச்சுப் பழகினால் உங்கடை கொழும்புத் தண்ணியை வாயிலை வைக்கேலாது, அண்ணை," என்றார்.

பிரச்சினையே அந்த ருசிதான். வெங்காயத்துக்குப் போடும் உரம் மண்ணுக்குள் இறங்கி, நைத்திரேற்று என்ற உப்பாகக் கிணற்றில் சேர்கிறது. மணமில்லை, நிறமில்லை, ருசியும் மாறாது. ஆனால் அந்தத் தண்ணீரில் கரைத்த மாப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது மூச்சு முட்டும் அளவுக்கு ஆபத்தாகலாம்.

முன்பள்ளி மண்டபத்தில் தவமலர் அக்காவைச் சந்தித்தேன். சங்கத்தின் தலைவி, தானும் வெங்காயம் நடுபவர். ஆரம்பத்தில் வீடு வீடாகப் போய்ப் பரிசோதித்து, "உங்கள் தண்ணீர் கூடாது" என்று சொன்னாராம். கிணற்றைக் குறை சொல்வது இங்கே வீட்டுக்காரரைக் குறை சொல்வது. அடுத்த முறை ஒருவரும் வாசல் படலை திறக்கவில்லை. இப்போது எல்லோரும் பெயர் எழுதாத போத்தலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். போத்தல்களைக் கலந்து வைத்து, கைக்கு வந்ததில் அவர்களே பரிசோதனைத் தாளைத் தோய்க்கிறார்கள்; நைத்திரேற்று கூடினால் தாள் சிவக்கும். அன்று பத்தொன்பது போத்தலிலும் தாள் சிவந்தது. எல்லோர் கிணறும் ஒன்று என்றானதும் வெட்கம் போய், வாய் திறந்து கதைக்கத் தொடங்கினார்கள். அசந்துபோனேன்.

ரகு என்ற இளம் விவசாயி மட்டும் தனியாக இரண்டு போத்தல் வைத்திருந்தார். ஒன்று கிணற்றுத் தண்ணீர், மற்றது கொதித்து ஆறியது. அவருக்கு இரண்டு மாதப் பெண் குழந்தை. தாய்ப்பால் போதாமல் மாப்பாலும் கொடுக்கிறார்கள்.

"பிள்ளைக்கெண்டு ரெண்டு தரம் நல்லாக் கொதிக்க வைக்கிறன், அக்கா. அது பிழையில்லைத்தானே?"

அக்கா இரண்டு தாள்களைக் கொடுத்தார். ஒரு நிமிடத்தில், கொதித்த தண்ணீரின் தாள்தான் கூடச் சிவந்திருந்தது. கொதித்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, தண்ணீர் வற்ற வற்ற அது செறியும். ரகுவுக்குப் பின்னால் சுவரில், கொதித்தாறிய நீரையே பருகச் சொல்லும் பழைய சுவரொட்டி. வாசகம் என்னுடையது. அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

"கொதிக்க வச்சது பிழையில்லைத் தம்பி. இது கிருமியில்லை, அவ்வளவுதான்," என்றார் அக்கா. குழந்தைக்கு மட்டும் ஊர்ச் சந்தியில் பவுசர் லொறி வந்து நிரப்பும் தாங்கித் தண்ணீரை எடுத்து, ஒரு தரம் கொதிக்க வைக்கச் சொன்னார். ரகு போத்தல்களை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறினார். கோபம் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் சைக்கிளில் தாங்கித் தண்ணீர் நிரப்பிய கானோடு திரும்பி வந்து, இன்னொரு தாள் கேட்டார்.

"நீங்கள் சொன்னதெண்டு குடுக்கேலாது. இந்தத் தண்ணியையும் ஒருக்காப் பாப்பம்."

தாள் வெள்ளையாகவே இருந்தது. அக்காவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். தன் பேச்சை நம்பாதவரைப் பார்த்து மகிழ்ந்த ஒரு பிரசாரகரை அன்றுதான் கண்டேன்.

போக விரும்புபவர்கள் சங்கத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போத்தல்களைப் படம் எடுக்காதீர்கள். திரும்புவதற்கு ஓட்டோவை முதலே பேசி வையுங்கள். யாராவது தேநீர் தந்தால் மறுக்காதீர்கள். நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு ஒரு கோப்பையால் ஒன்றும் ஆகாது.

நான் அக்காவோடு போய் ரகுவின் வீட்டில் குடித்தேன். கிணற்றுத் தண்ணீர்தான், சாரதி சொன்னது பொய்யில்லை. உரத்தைக் குறைத்தால் கிணறு எப்போது திருந்தும் என்று ரகு கேட்டார். வருடக்கணக்காகும் என்றார் அக்கா. தாயின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த மகளை ரகு திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இந்தப் போகமே துவங்கவேணும். இவள் தண்ணி அள்ளுற வயசுக்கெண்டாலும் சரிவரட்டும்."