ஆபீசருக்கு ஏலக்காய்

அமைதிப்படையோடு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டபோது, ஏலத்தோட்டத்தில் கூலிவேலை பார்க்கும் அம்மா என் பையிலிருந்த சாக்ஸில் பாதியை வெளியே எடுத்துப்போட்டு, முதல்தர ஏலக்காயைத் திணித்தாள். எங்கள் வீட்டு டீக்கு எப்போதும் விலைபோகாத வெடித்த காய்தான்.

"ஒங்க ஆபீசருக்குக் குடு அப்பு. கங்காணிக்குக் கோழி குடுத்தாத்தான எனக்கு அட்டை கடிக்காத பக்கமா வேல குடுக்காரு? ஒன்னயும் சண்டைப் பக்கம் விடமாட்டாரு."

கொடுத்தேன். ஏலக்காய் டீ ஆபீசருக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. அதற்கப்புறம் துப்பாக்கிச் சத்தம் கேட்ட இடத்துக்கெல்லாம், டீ போட ஆள் வேண்டுமென்று என்னையே இழுத்துப்போனார். பேர்தான் அமைதிப்படை. மாற்றச் சாக்ஸ் இல்லாமல், பூட்ஸுக்குள் என் கால் ஊறி அழுகியது.

அம்மா போனில் கேட்டாள்: "ஆபீசரு எப்படிப் பாத்துக்கிறாரு அப்பு?"

"என்னைய விட்டு எங்கயும் போறதில்ல ஆத்தா."

"பாத்தியா! இன்னுங் கொஞ்சம் காய் அனுப்புறேன்."