வண்டியில்லாத அட்மின்

என் அக்காவின் கணவருக்கு ஒரு பொருளை வாங்குவதைவிட அதைப் பற்றி விசாரிப்பதில்தான் ருசி அதிகம். மிக்சி வாங்குவதற்கு முன்னால் எங்கள் அடுக்குமாடியில் உள்ள அத்தனை சமையலறைகளுக்குள்ளும் புகுந்து, ஓட்டிப் பார்த்து, சத்தம் கேட்டுவிட்டு வந்த மனிதர். "வாங்கினவனைக் கேக்கணும். விக்கறவனைக் கேக்கவே கூடாது" என்பார். சொல்கிறவர் பல வருடங்களாக மெத்தைக்கடை நடத்துகிறவர். அவர் கடைக்கு வருகிறவர்களும் இப்படியே நினைத்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டேன். "அவங்களுக்கு அந்த அளவுக்கு விவரம் பத்தாதும்மா" என்றார் அத்தான், கூச்சமே இல்லாமல்.

அப்படிப்பட்டவர் நடுத்தர அளவில் ஒரு சொகுசு எஸ்.யூ.வி. வாங்கக் கிளம்பினால் ஊர் என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பகட்டுக்காக அவர் கிளம்பவில்லை. அக்காவுக்காகத்தான். அக்கா கணக்கு டீச்சர். பள்ளிக்கூடப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. நடக்கலாம், உட்காரலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பயணம் போகலாம், தாழ்வான இடத்தில் உட்கார்ந்து எழுந்திருப்பதுதான் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டு வண்டியோ சின்னது. அதன் சீட்டு தரையோடு தரையாகக் கிடக்கும். ஒருநாள் சூப்பர் மார்க்கெட் வாசலில் அக்கா அதிலிருந்து இறங்கும்போது பாதியில் மாட்டிக்கொண்டாள். முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் போக முடியவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஓடி வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். சுற்றிலும் கூட்டம். கூட்டத்தில் அவளுடைய பழைய மாணவி ஒருத்தியும் நின்றாள்.

அன்று வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவள்தான். எங்கே கூப்பிட்டாலும் "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்ற ஒரே பதில். ஒன்றரை மணி நேர தூரத்தில் அவள் மகள் புதிதாக ஃபிளாட் வாங்கிக் குடிபோயிருந்தாள். அதைக்கூட அக்கா கைபேசியில்தான் பார்த்தாள். "பால்கனியக் காட்டு. இன்னொரு தடவ காட்டு" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது. எழுந்து போய்விடுவேன்.

அத்தான் ஷோரூமுக்குக் கூப்பிட்டார். "வாம்மா, சும்மா ஏறி உக்காந்து பாரு. உனக்குச் சரிப்பட்டாத்தான் வாங்குவேன்."

"அங்க எத்தன பேரு நிப்பாங்க? அத்தன பேரு முன்னாடி என்னை ஏத்தி எறக்கி வேடிக்கை காட்டணுமா? நான் வரலை."

ஆக, அக்கா உட்கார்ந்து பார்க்காமலே அவளுக்குச் சரியான வண்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். அத்தானுக்குத் தெரிந்த ஒரே வழி, வாங்கினவர்களைக் கேட்பது. மருத்துவமனை பார்க்கிங், வணிக வளாகத்தின் கீழ்த்தளம், பெட்ரோல் பங்க் என்று எங்கே அந்த மாதிரி வண்டி நின்றாலும் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். சொந்தக்காரர் வந்ததும் "சார், ஒரே ஒரு நிமிஷம்" என்பார். தவணை வசூலிக்க வந்த ஆள் என்று நினைத்து ஒருவர் லிஃப்டுக்குள் திரும்ப ஓடியே போனார்.

மற்றவர்கள் நின்று பேசினார்கள். நிறுத்தத்தான் முடியவில்லை. அதில் ஒரு வக்கீல் இருந்தார். நான் கூட இருந்தே கேட்டேன்.

"சன்ரூஃபத் தொறந்தீங்கன்னா நட்சத்திரம் தெரியும் சார்."

"என் மனைவிக்கு முதுகு முடியாது சார். ஏறி எறங்க எப்படி?"

"முதுகா? சீட்டுக்குள்ளேர்ந்து காத்து வரும் சார். முதுகு ஜில்லுன்னு இருக்கும்!"

எல்லோரும் இதே ரகம்தான். இவர் முதுகைக் கேட்டால் அவர்கள் இன்ஜினைச் சொல்வார்கள். ஒருவர் தொட்டில் மாதிரி இருக்கிறது என்பார், அதே வண்டியை வைத்திருக்கிற இன்னொருவர் குடலே வாய்க்கு வந்துவிடுகிறது என்பார். ஒரு கண் டாக்டரம்மா மட்டும் "ஏர்றது ஈஸிங்க, மைலேஜ் மட்டும் கேக்காதீங்க, அழுதுருவேன்" என்றார். அத்தான் அடுத்த கேள்வியை எடுப்பதற்குள் போய்விட்டார்.

வக்கீலுக்கு அத்தானைப் பிடித்துப்போய்விட்டது. யாருக்குத்தான் பிடிக்காது, அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் கேட்கிற ஆளை? "வாங்கத்தானே போறீங்க? இந்தக் கம்பெனியோட எல்லா மாடலுக்கும் சேத்து எங்க ஓனர்ஸ் குரூப் இருக்கு, சேந்துக்குங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அங்கேதான் அத்தானுக்கு உலகம் புரிந்தது. வெளியாளிடம் வண்டியைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறவர்கள், உள்ளே வந்தால் டேஷ்போர்டுத் திரை உறைந்து நிற்கிறது, சன்ரூஃப் கடகடக்கிறது என்று புலம்பித் தீர்த்தார்கள். தன் வண்டியைத் தான் திட்டலாம், அடுத்தவன் ஒரு வார்த்தை சொன்னால் பொங்கிவிடுவார்கள். குடும்பம் மாதிரிதான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒருவர் கேட்டார்: "புது மெம்பர், உங்க வண்டி என்ன கலர்?"

இன்னும் வாங்கவில்லை என்று எழுதினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அத்தான் பயந்தார். "வெள்ளை" என்று எழுதினார். அந்த ஒரு வார்த்தையில் மாட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர் கைமீறிப் போனது. நீண்ட தூரம் ஓட்டினால் இடுப்பு வலிக்கிறது என்று யாரோ எழுத, எந்த இடத்தில் எவ்வளவு தடிமனில் பஞ்சு வைக்க வேண்டும் என்று அத்தான் விளக்கினார். மெத்தைக்காரருக்கு இது கைவந்த கலை அல்லவா? குழுவில் பாதிப் பேர் அவர் கடைக்கே வந்து குஷன் வாங்கிப் போனார்கள். காலை வணக்கம் போடுகிறவர்களை அடக்கினார். சண்டைகளைத் தீர்த்துவைத்தார். பழைய அட்மின் வேலை மாறிப் போனதும் எல்லோருமாகச் சேர்ந்து இவரையே அட்மின் ஆக்கிவிட்டார்கள். வண்டியே இல்லாதவர், வண்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் தலைவர்!

மாதாமாதம் எல்லோரும் வண்டியோடு கூடுவது அவர்கள் வழக்கம். அத்தான் ஒவ்வொரு முறையும் "வண்டி சர்வீஸ்ல இருக்கு" என்று தப்பித்துக்கொண்டார். நான்கைந்து முறை ஆனதும் வக்கீல் கொதித்துவிட்டார். நம் அட்மினின் வண்டியை இத்தனை மாதமாக ஒரு சர்வீஸ் சென்டர் பிடித்து வைத்திருப்பதா? ஞாயிற்றுக்கிழமை காலை அத்தனை பேரும் அத்தனை வண்டிகளோடும் அங்கே போய் நியாயம் கேட்பது என்று முடிவாயிற்று. 'நீங்க சும்மா வந்து நில்லுங்க அட்மின் சார், மத்தத நாங்க பாத்துக்கறோம்' என்று செய்தி வந்தது.

ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையில் அத்தான் இட்லி மாதிரி வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தார். என்ன என்று அக்கா கேட்டாள். மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னார். அக்கா முதலில் முறைத்தாள். பிறகு உதடு துடித்தது. பிறகு முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"போய் உண்மையச் சொல்லுங்க. நானும் வர்றேன்" என்றாள்.

அத்தான் தம்ளரைக் கீழே வைத்தார். "நீயா? எதுல?"

"நம்ம வண்டியிலதான். நீங்க திட்டு வாங்கறத நான் நேர்ல பாக்க வேணாமா?"

நானும் அத்தானுமாக அவளை மெதுவாக சீட்டில் இறக்கினோம். வலித்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

சர்வீஸ் சென்டருக்கு எதிரே இருந்த மைதானத்தில் வெள்ளையும் கறுப்புமாக வரிசையாக வண்டிகள். நடுவே எங்கள் சின்ன வண்டி போய் நின்றது. வக்கீல் ஞாயிற்றுக்கிழமையிலும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். "மேனேஜரக் கூப்பிடுங்க!" என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

அத்தான் இறங்கிப் போனார். "சண்ட வேணாம் சார். என் வண்டி உள்ள இல்ல."

"வெளிய எடுத்துட்டீங்களா?"

"வெளியயும் இல்ல."

"பின்ன எங்கதான் சார் இருக்கு?"

"இன்னும் வாங்கலை."

"அப்ப வெள்ளைன்னு சொன்னது?" என்றார் கண் டாக்டரம்மா, அவரும் அந்தக் குழுவில்தான் இருந்தார்.

"வாங்கினா வெள்ளைதான் வாங்குவேன்" என்றார் அத்தான், தலையைக் குனிந்துகொண்டு.

இரண்டு பேர் சிரித்தார்கள். நாலு பேர் கத்த ஆரம்பித்தார்கள். இத்தனை நாள் எங்களை முட்டாளாக்கினீர்களா என்று ஒருவர் கையை நீட்டிக்கொண்டே வந்தார். அப்போது எங்கள் வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. ஐம்பது பிள்ளைகளை மைக் இல்லாமல் அடக்குகிற குரல்.

"அவர அப்புறமா நிதானமாத் திட்டலாம்! எனக்கும் நெறைய பாக்கி இருக்கு. இப்ப ரெண்டு பேரு இங்க வாங்க. என்னை வெளிய தூக்கி விடுங்க!"

யாரோ பார்த்துவிட்டார்கள் என்பதற்காக வீட்டுக்குள் முடங்கியவள், ஒரு மைதானமே பார்க்கக் கூப்பிடுகிறாள். வக்கீல் ஒரு பக்கம், அத்தான் ஒரு பக்கம். "இடுப்பத் தொடாதீங்க, கைய மட்டும் குடுங்க. அவசரப்படாதீங்க வக்கீல் சார், வாய்தா எல்லாம் நான் தர்றேன்" என்று அவளே சொல்லிச் சொல்லி எழுந்து நின்றாள். கத்தியவர்கள் அடங்கிப்போனார்கள். ஏன் பொய் சொன்னார் என்று அத்தான் விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அதன்பிறகு ஒவ்வொருவரும் தன் கதவைத் திறந்து, "இதுல உக்காந்து பாருங்க மேடம்" என்று போட்டி போட்டார்கள். ஒன்றில் ஏற முடியாத உயரம். ஒன்றில் சீட்டின் ஓரம் தொடையில் குத்தியது. அக்கா எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னாள், முகத்துக்கு நேரே. கண் டாக்டரம்மாவின் வண்டியில் பக்கவாட்டில் அகலமான படி ஒன்று இருந்தது. அக்கா அதில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, யார் கையும் படாமல் ஏறி உட்கார்ந்தாள். யார் கையும் படாமல் இறங்கினாள். மறுபடியும் ஏறினாள். ஊரையே கேள்வி கேட்டுத் துளைத்த அத்தான் ஒன்றுமே கேட்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"இதே மாடல், இதே படி. புக் பண்ணிரலாமா அட்மின் சார்?" என்றார் வக்கீல். பதவி போகவில்லை என்பது அப்போதுதான் அத்தானுக்குத் தெரிந்தது. மறுநாளே புக் செய்தார். வெள்ளைதான். ஆனால் வண்டி கைக்கு வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

"மூணே மாசம்மா. முதல் சவாரி நம்ம பொண்ணு வீட்டுக்குத்தான்" என்றார் அத்தான்.

"அதுவரைக்கும் நான் இங்க உக்காந்து சுவத்தப் பாக்கணுமா? நாளைக்குப் போறோம்."

"எதுலம்மா போறது?"

"ஏன், இருக்கற வண்டிக்கு என்ன கேடு?"

போனோம். மகள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினார் அத்தான். யாருக்கும் தெரியாமல் இறக்கிவிடலாம் என்று நான் அவசரமாகக் கதவைத் திறந்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்தாள். கைபேசியில் மட்டுமே பார்த்திருந்த பால்கனியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அடியே! அம்மா வந்திருக்கேன்! உன் புருஷனையும் கூட்டிக்கிட்டுக் கீழ வா, என்னைத் தூக்கி எறக்கணும்!"

நாலு மாடியிலும் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அக்கா ஒவ்வொரு மாடியாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"பாத்துக்கிட்டு நிக்கறவங்களும் வரலாம். நான் கொஞ்சம் கனம்."