ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள்

வசந்தாவின் விசா ஃபாரத்தை டைப் அடித்த அன்றே தப்பு என் கண்ணில் பட்டுவிட்டது. வாயைத் திறக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். எழுதப் பிடித்து எழுதவில்லை.

1. அவளும் நானும்

ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருபத்தாறு வருஷம் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தேன். மனு, பயோடேட்டா, பாஸ்போர்ட் ஃபாரம் எல்லாம் அடிப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து நர்சுகள் வெளிநாடு போக ஆரம்பித்தபோது அவர்களுடைய பேப்பரும் என்னிடம் வந்தது.

வசந்தா எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். ப்ளஸ் டூ முடித்து இரண்டு பேரும் நர்சிங்குக்கு மனு போட்டோம், இரண்டு பேருக்கும் சீட் கிடைத்தது. "பொட்டப்புள்ள ஊரான் வூட்டு மலம் மூத்திரம் அள்ளணுமா?" என்று என் அப்பா என்னை டைப்ரைட்டிங் கிளாசில் சேர்த்தார். அவள் அப்பா அவளை ஹாஸ்டலில் சேர்த்தார். அவள் மார்க் என்னைவிடப் பதினாறு குறைவு. இதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

அவள் ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் நர்ஸ் ஆனாள். கணவர் சேகருக்குச் சொந்தமாக இரண்டு பட்டுத்தறி. மகள் கவிதா, அவளுக்கு அடுத்தவன் குமரன். நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்து, குடும்பத்தோடு வரலாம் என்று லெட்டர் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேராக என் கடைக்குத்தான் வந்தாள்.

2. பிள்ளைகள் விவரம்

ஃபாரத்தில் பிள்ளைகள் விவரம் என்று ஒரு கட்டம் இருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒன்றின் கீழ் ஒன்றாகப் பிறந்த தேதி அடித்தேன். கவிதா ஜனவரி. குமரன் அதே வருஷம் ஜூன்.

எப்படி வந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் வைத்தவர் ஹெட்மாஸ்டர்தான். ஷிஃப்ட் டூட்டிக்கு ஓடிக்கொண்டிருந்த வசந்தா, இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் ஒண்ணாம் கிளாசில் தள்ளிவிட்டாள். குமரனின் கை தலையைச் சுற்றிக் காதைத் தொட்டது, ஹெட்மாஸ்டரும் ஒரு வயசைக் கூட்டி எழுதிக்கொண்டார். அந்தப் பள்ளிக்கூட சர்டிபிகேட்டை வைத்தே பாஸ்போர்ட்டும் எடுத்தாகிவிட்டது. எத்தனையோ பிரசவம் பார்த்தவள், தன் பிள்ளைகளின் தேதியைச் சேர்த்துவைத்துப் பார்க்கவில்லை.

விசா ஆபீசர் ஒரு பிள்ளை இவர்களுடையது இல்லை என்பார், இல்லாவிட்டால் பேப்பர் போலி என்பார். எப்படிப் பார்த்தாலும் மொத்தக் குடும்பத்துக்கும் ரிஜெக்ட்.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கைப்பையிலிருந்து ஒரு லிஸ்ட்டை எடுத்தாள்.

"குக்கர் எடுத்துக்கினு போலாமாடி? அந்தக் குளிர்ல இட்லி மாவு பொங்குமா?"

"குக்கர் போலாம். ஊறுகாய், பருப்பு இருந்தா ஏர்போர்ட்ல எழுதிக் குடுத்துடணும். மறைச்சா ஃபைன்."

"இன்னாடி, எல்லாம் தெரிஞ்சி வெச்சிகினு இருக்க! அன்னிக்கி நீயும் சேர்ந்திருந்தா, இப்ப ரெண்டு பேரும் ஒரே பிளேன்ல போயிகினு இருப்போம்."

அவள் பிரியமாகத்தான் சொன்னாள். எனக்கு அந்தப் பதினாறு மார்க்தான் ஞாபகம் வந்தது. "கையெழுத்துப் போடு" என்றேன்.

மெடிக்கல், போலீஸ் சர்டிபிகேட் எல்லாம் சேர்ந்ததும் நாலு பேர் ஃபைலையும் ஒன்றாகச் சென்னை ஏஜெண்டிடம் கொடுக்க வேண்டும். அதற்கு அவர் இரண்டு மாதம் கெடு வைத்திருந்தார். அதுவரை ஃபாரம் என் டிராயரில்தான் இருந்தது. தினமும் கடை திறந்ததும் எடுத்துப் பார்ப்பேன். கொடுத்ததை அடிப்பதுதானே என் வேலை, கணக்குப் பார்ப்பதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே வைத்துவிடுவேன். அவள் போகாமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

3. தறி விற்பனை

பன்னிரண்டாம் நாள் சேகர் வந்தார். "ஒரு அக்ரிமெண்ட் அடிக்கணுங்க. தறி ரெண்டையும் குடுத்துடறேன். ஆள் ரெடியா கீறான், கொஞ்சம் ஜல்தியா வேணும்."

பேப்பரைச் சொருகி அவர் பெயரை அடித்தேன். அதற்குமேல் விரல் ஓடவில்லை. விசாவும் போய்த் தறியும் போனால் இந்த மனுஷன் என்ன செய்வார்? "இப்ப விக்காதீங்க" என்று ஃபாரத்தை எடுத்துக் காட்டினேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "இன்னாங்க இது, அஞ்சே மாசமா?"

வசந்தா டூட்டியை விட்டு ஓடிவந்தாள். "எப்படி கண்டுபுடிச்ச?"

"இப்பத்தான் பார்த்தேன்" என்று பொய் சொன்னேன்.

"தெய்வம்டி நீ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குமரன் பிறந்தது பெரணமல்லூரில், அவள் அம்மா வீட்டில். அங்கே பிறப்புப் பதிவேட்டில் அவன் சரியான தேதி இருந்தது. சர்டிபிகேட், அஃபிடவிட், பள்ளிக்கூடத் திருத்தம், சென்னை பாஸ்போர்ட் ஆபீஸ் என்று சேகர் அலைந்தார். திருத்திய பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது ஏஜெண்ட் வைத்த கெடு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

கெடுவுக்குள் தன் ஃபைலை மட்டும் கொடுத்திருந்த வசந்தா தனியாகப் போனாள். மற்ற மூன்று பேருக்கும் தனி ஃபைல், ஏழு மாதக் காத்திருப்பு.

4. மஞ்சள் தண்ணீர்

ஐந்தாம் மாதம் சேகர் மறுபடி கடை வாசலில் வந்து நின்றார். "கவிதா பெரிய மனுஷி ஆயிட்டாங்க. உங்களத்தான் கூப்புடச் சொல்லி அவ அம்மா போன் பண்ணா."

போனேன். அத்தைமார்கள் கூடியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிப் புடவை கட்டிவிட்டேன். அதுவரை அழாமல் இருந்தவள், கொசுவம் மடிக்கும்போது என் தோளில் முகத்தை வைத்து "அம்மா எப்ப ஆன்ட்டி வரும்?" என்றாள். பக்கத்து வீட்டு போனில் வசந்தா வந்தாள். "நீ கீறியே, அது போதும்டி" என்றாள். பதினெட்டு வயசிலிருந்து அவள் இடத்துக்கு ஆசைப்பட்டவள் நான். இந்த இடத்துக்கு இல்லை.

நாலைந்து வருஷம் கழித்து அவள் லீவில் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாலு நாள்ல வுட்டோம். நீ பன்னெண்டு நாள் உள்ள வெச்சிகினு இருந்தியா?" என்றாள். பிறகு, "வயித்தெரிச்சலா கீதுடின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். ரெண்டு திட்டு திட்டிட்டு, பேப்பரை வாங்கிகினு போயிருப்பேன்" என்றாள்.

நான் கிளம்பும்போது அவள் எழுந்து வரவில்லை. அவள் தம்பியின் பாஸ்போர்ட் பேப்பர் என்னிடம் வராமல் வேலூரில் வேறொரு டைப்பிங் கடைக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்கள் டிக்கெட்டுக்கும் பெட்டிக்கும் முன்னால், எல்லாருடைய பேப்பரையும் ஒரே மேஜையில் பரப்பித் தேதிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்க வேண்டும். டைப் அடிக்கிறவர்கள் தப்பைப் பார்த்தால் அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும். பொறாமை வரத்தான் செய்யும். வசந்தா மேல் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அன்று அழுதது வசந்தா பெண், பதிமூன்று வயசு. அவள்மேல் எனக்கு எந்தப் பொறாமையும் இருந்ததில்லை.