கலைவிழாவில் கத்திய பாட்டு

எண்பதுகளின் கடைசியில் லண்டன் டூட்டிங்கில் நாங்கள் மூன்று பேர், இரண்டு பெண்களும் ஒரு ஆணும், ஒரு பங்க் இசைக்குழு வைத்திருந்தோம். எங்கள் வீட்டில் தங்கியிருந்த மச்சாள் பாடுவாள். நான் டிரம்ஸ் அடிப்பேன். கிற்றார் அடித்தவன் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்த ஒரு மன்னார்ப் பெடியன். ஏதோ கொஞ்சம் வாசிப்பான். பங்க்குக்கு அது போதும்.

மச்சாளின் தமையனை ஊரில் இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போயிருந்தது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்ட மாமாவையும் அடித்தே அனுப்பினார்கள். மச்சாள் அதைப் பாட்டாக்கினாள். பாட்டு என்ன பாட்டு, "எங்கை அவன்?" என்ற கத்தல்தான். கடைசி வரிகள் லண்டனுக்கு: அங்கே கேட்டால் அடி, இங்கே கேட்டால் வாயை மூடு.

தமிழ்ச் சங்கக் கலைவிழாவில் பாட இடம் கேட்டோம். மேடை கிடைத்தால் பேச்சுச் சுதந்திரத்தைப் பற்றியே பேசும் செயலாளர், ஒத்திகை பார்க்க வந்தார்.

"அரசாங்கத்தை நல்லாத் திட்டுங்கோ, பிள்ளை. ஆனா அந்தக் கடைசி வரியளைப் பாட ஏலாது. எங்கட ஆக்களைச் சொல்ற மாதிரிக் கிடக்கு."

"அதிலை ஒருத்தற்றை பேரும் இல்லையே, அங்கிள்," என்றாள் மச்சாள்.

"அதுதான் பிரச்சினை. எல்லாருக்கும் விளங்கும். மற்றது, தலையைச் சீவிக்கொண்டு வாங்கோ. வெள்ளைக்காரக் கவுன்சிலர் வாறார்."

தலை சீவாமலே போனோம். முழுப் பாட்டையும் பாடினோம். கடைசி வரிக்கு வந்ததும் செயலாளர் எழுந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய், பிளக்கைப் பிடுங்கினார். ஊரில் தணிக்கை செய்பவனுக்காவது சீருடை இருந்தது. இவருக்குச் சரிகை வேட்டி.

மைக்கும் கிற்றாரும் செத்தன. நான் விடாமல் அடித்தேன். மச்சாள் வெறும் தொண்டையால் கத்தினாள். பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு பெண், "எங்கை அவன்?" என்று கூடவே கத்தினாள். மண்டபமே திரும்பிப் பார்த்து, பிறகு மடியிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் படிக்கத் தொடங்கியது. கவுன்சிலர் மட்டும் எழுந்து கைதட்டினார். இது எங்கள் பாரம்பரியக் கலை என்று நினைத்திருப்பார். அடுத்ததாகக் கோலாட்டம்.

மறுநாளே செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்து, "பொம்பிளைப் பிள்ளையளைக் கவனிச்சுக் கொள்ளுங்கோ," என்று அப்பாவுக்குப் புத்தி சொன்னார். அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார். எனக்கு அதுதான் ஆறவில்லை.

மச்சாளின் தமையன் வரவேயில்லை.

தொண்ணூறுகளில், ஊரில் பத்திரிகைகளின் வாயைக் கட்டுகிறார்கள் என்று டூட்டிங்கில் ஒரு கண்டனக் கூட்டம் நடந்தது. நானும் மச்சாளும் போயிருந்தோம். தலைமை அதே செயலாளர். பேச்சின் நடுவில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. முன்வரிசை திரும்பி முறைத்தது.

"வா போவம்," என்றாள் மச்சாள். "இந்தாளிலை கோபப்படுறதே வீண்."