கழுவ வராத குழாய்கள்

நான் முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் யாரும் சிரமப்பட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை பாருங்கள். சான்று வேண்டுமா? நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டிலிருந்து முட்டை வெள்ளைக்கருவை வரவழைத்தவன் நான்.

லைசோசைம் என்று பெயர். வெள்ளைக்கருவில் இருக்கும் ஒரு புரதம். சுத்தம் செய்து பொடியாக்கி, குட்டி பாட்டிலில் அடைத்து, ஐஸ் வைத்து அனுப்புவார்கள். நான் அதைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையிலும் வாங்கும்போது, கல்லூரி வாசலில் முட்டை லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும்.

"ஏனுங்க சார், இதுல ஆம்லெட் போடலாங்களா?" என்றார் லேப் அட்டெண்டர் ருக்மணியக்கா.

"போட முடியாதுங்க்கா."

"அப்புறம் எதுக்குங்க?"

எதுக்கென்றால், கெடுப்பதற்கு. புரதம் என்பது ஒழுங்காக மடித்து வைத்த பட்டுச்சேலை மாதிரி. அமிலத்தில் போட்டு நாள் கணக்கில் சூட்டில் வைத்தால் மடிப்பு கலைந்து, தப்பாக மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி நார் நாராகக் கட்டிவிடும். மூளையில் கட்டினால் மறதி நோய். சோதனைக் குழாயில் கட்டினால் ஆராய்ச்சிக் கட்டுரை.

மருந்து கண்டுபிடித்த கதை

சேந்தமங்கலம் சந்தையில் கொல்லிமலைப் பட்டை ஒன்று வாங்கிவந்தேன். காய்ச்சினால் டிகாக்‌ஷனைவிடக் கறுப்பாக ஒரு கஷாயம். அதைப் புரதத்தோடு சேர்த்து ஊறவைத்தோம். நார் கட்டியிருக்கிறதா என்று பார்க்க, நாரில் ஒட்டினால் ஒளிரும் ஒரு மஞ்சள் சாயம் உண்டு. அதை விட்டு மெஷினில் வைத்தால் எவ்வளவு ஒளி என்று எண் காட்டும். கஷாயம் போடாத குழாய் பல்பு மாதிரி எரிந்தது. கஷாயம் போட்ட குழாயில் கரண்ட் கட்.

ஒளி இல்லை என்றால் நார் இல்லை. நார் இல்லை என்றால் மறதி நோய்க்கு மருந்து. இந்த இரண்டு படியையும் நான் ஒரே தாவில் தாண்டினேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சங்கத்துக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்தேன்.

அந்த வாரம்தான் ருக்மணியக்கா வந்து நின்றார்.

"சார், குழாய் ஒண்ணும் கழுவ வரமாட்டேங்குதுங்க. மருந்து ஊத்துன குழாயும் அதே மாதிரிதான் கொழகொழன்னு அடியில ஒட்டிக்கிட்டுக் கெடக்குது."

பெரிய மனிதர்கள் சின்னப் புகாரையும் கவனிப்பார்கள் அல்லவா? அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், நீளக் கைப்பிடி வைத்த புது பிரஷ் ஒன்று வாங்கிவந்து கொடுத்தேன்.

இத்தனைக்கும் நான் வகுப்பில் வாய் வலிக்க நடத்தியது செல் சிக்னலிங். புரதம் தப்பாக மடிந்தால் செல் உடனே உள்ளுக்குள் தகவல் அனுப்பும்: உற்பத்தியை நிறுத்து, குப்பையை அள்ளு. விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்கிற மாதிரி. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்கு அவ்வளவு அறிவு.

சுமதியின் மூன்றாவது அத்தியாயம்

சுமதி என் ஆராய்ச்சி மாணவி. குமாரபாளையத்துக்காரி. கஷாயம்தான் அவளுடைய தீசிஸில் மூன்றாவது அத்தியாயம். கடைசி ப்ரசென்டேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கேட்டாள்:

"சார், கஷாயம் கறுப்பா இருக்கறதால வெளிச்சத்தை மறைக்குதோ என்னமோ? எங்க ஊட்ல சாயப்பட்டறைங்க சார். தொட்டியில கலர் ஏறிருச்சுன்னா அடியில துணி கெடக்குதா இல்லையான்னே தெரியாது."

"சாமி, சாயப்பட்டறை வேற, சயின்ஸ் வேற" என்றேன், மஞ்சள் சாயப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனாள். மறுநாள், நார் நன்றாகக் கட்டி முடிந்த ஒரு குழாயில் கஷாயத்தைச் சொட்டு விட்டு, விட்ட கையோடு மெஷினில் வைத்துப் பார்த்திருக்கிறாள். எண் அந்த நொடியே விழுந்துவிட்டது. நாள் கணக்கில் கட்டிய நார் கண் சிமிட்டுவதற்குள் கரையாது. பேப்பரை என் மேஜையில் வைத்துவிட்டு நின்றாள்.

"சரியா கலக்கினியா?"

"கலக்கினேன் சார். மூணு தடவை பண்ணிட்டேன்."

"மெஷின் சூடாயிருக்கும்."

"இல்லீங்க சார்."

"இதை யாரும் கேக்க மாட்டாங்க, சுமதி." வெட்கத்தோடு எழுதுகிறேன், இதைச் சொன்னது நான்தான்.

"கேட்டுட்டா என் பட்டம் போயிரும். கேக்கலைன்னா, யாராச்சும் இதை நம்பிக் காய்ச்சிக் குடிப்பாங்க. எது சார் பரவால்ல?"

எனக்குப் பொன்னாடை ஞாபகம் வந்தது. அரித்தது.

கஷாயம் போட்டது, போடாதது என்று இரண்டு வகைக் குழாய்களையும், கனமானதை அடியில் தங்கவைக்கும் சென்ட்ரிஃப்யூஜில் வைத்துச் சுற்றினோம். நின்றதும் எடுத்துப் பார்த்தால் இரண்டிலும் அடியில் ஒரே அளவு கட்டி. மருந்து எதையும் தடுக்கவில்லை. எங்கள் கண்ணைத்தான் கட்டியிருந்தது.

ப்ரசென்டேஷனைத் தள்ளிவைத்தோம். சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். அவர்கள் பொன்னாடையைத் திருப்பிக் கேட்கவில்லை, பெரிய மனசு. கறுத்த கஷாயங்கள் இந்தப் பரிசோதனையை எப்படி ஏமாற்றுகின்றன என்று சுமதி அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினாள். வைவாவில் தேர்வாளர் அந்த அத்தியாயத்தை மட்டும்தான் பாராட்டினார். மற்றவை என் யோசனைகள்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் அனுபவம் இதுதான்: மெஷின் காட்டும் எண்ணைப் பார்ப்பதற்கு முன், குழாயைக் கழுவுகிறவரிடம் போய்க் கேளுங்கள். நான் போனது எல்லாம் முடிந்த பிறகு. ருக்மணியக்கா அந்த நீளப் பிரஷ்ஷால் குழாய்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க்கா, மருந்து போட்ட குழாயிலயும் கட்டி அப்படியேதான் இருக்குன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமில்ல? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"சொன்னேனுங்க சார், நீங்க பிரஷ் வாங்கியாந்தீங்க."