கயிறு பிடிக்காமல் கிடைத்த பங்கு

இந்தக் கிழமை கடல் மறுபடியும் தேயிலைச் சாயம்போல ஆகிவிட்டது. பாசி பெருகியிருக்கிறது, ஒதுங்கும் மீனைத் தொடவேண்டாம் என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. எங்கள் கல்முனைக் கரையில் வலைக்காரர் எல்லோரும் பேசித் தோணிகளைக் கரையேற்றிவிட்டோம். துடிக்கிற மீனை ஏன் பொறுக்கக்கூடாது என்று கேட்டீர்கள், பிள்ளைகளே. நான் பொறுக்கியவன். அதனால் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நோன்பு மாதம், நெருப்பு வெயில். பின்னேரம் கரைக்குப் போனால் ஆளில்லை. செம்மண் நிறத் தண்ணீரிலிருந்து பாரை மீன்குட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு தாமாகவே கரையேறின. கரைவலையில் கயிறு பிடித்து இழுத்தவனுக்கு ஒரு பங்கு மீன் கொடுப்பது ஊர் வழக்கம். எனக்குக் கயிறு பிடிக்காமலே பை நிறைந்தது.

“கயிறு பிடிச்சன் உம்மா, பங்கு தந்தாங்க” என்றேன். நோன்பும் அதுவுமாகப் பொய்.

உம்மா புளி கூடப் போட்டு மீன் குழம்பாக ஆணம் காய்ச்சி, முதல் கோப்பையை, கல்யாணமாகி அடுத்த தெருவில் இருந்த என் அக்கா ராத்தாவுக்கு அனுப்பினார். கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான்.

திரும்பி வந்தபோது வாப்பா வெறுங்கையோடு வாசலில் நின்றார். “கடல் பழுதாப் போச்சு புள்ள. மீன் தானாச் சாகுது. இண்டைக்கு ஒருத்தரும் வலை போடல்ல.”

உம்மா என்னைப் பார்த்தார். “அப்ப நீ எந்த வலைய இழுத்த?”

அடுத்த தெருவுக்கு ஓடினேன். செருப்பொன்று வழியில் கழன்றது, எடுக்கவில்லை. ராத்தா வீட்டு முற்றத்தில் கால் வைக்கும்போதே நோன்பு திறக்கும் மஃரிபு பாங்கு கேட்டது. அவள் பேரீச்சம்பழத்தைத் தின்று, தண்ணீர் குடித்து, ரொட்டியைப் பிய்த்து ஆணத்தில் தோய்த்தாள். மூச்சிரைக்கப் பாய்ந்து கோப்பையைத் தட்டிவிட்டேன். ஆணம் பாயெல்லாம் ஓடியது.

பளார் என்று ஒரு அறை.

“பேயா! நாலு நாளா விடியக்கால ஸஹர் சோறும் இறங்கல்ல எனக்கு. இண்டைக்குத்தான் ஆசையா இருந்தன்!”

“அது தானாச் செத்த மீன் ராத்தா. நான் கயிறு பிடிக்கல்ல.”

அந்த மீனில் நஞ்சு இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. மிச்ச ஆணத்தை வாப்பா சட்டியோடு புதைத்தார். என் பொய்க்குத்தான் கடல் சிவந்தது என்று பல நாள் பயந்தேன். சூடேறிய கடலும் வயலிலிருந்து வழிந்துவரும் உரப்பசளையும் பாசியைப் பெருக்கும் என்பதை வளர்ந்த பிறகே அறிந்தேன்.

ராத்தாவின் அழுகைதான் அப்போது விளங்கவில்லை. என்னை அடித்த அதே கையால் வயிற்றைத் தடவித் தடவி அழுதாள். அடி வாங்கியவன் நானல்லவா? ராத்தாவின் மூத்த மகள், உங்கள் பெரிய மச்சி, பிறக்க இன்னும் நாலு மாதம் இருந்தது.