சில்லில் போன வீடு

“…வீடு சில்லிலை போகட்டும், கிணறும் பின்னாலை உருண்டு வருமோ? கேட்டுச் சொல்லுங்கோவன்” என்றாள் என் மனைவி யோகம். லா சப்பலில் எங்கள் கட்டட வாசலில் நின்ற வெள்ளைக் கரவானை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து அதன் அடியையும் சக்கரங்களையும் பார்த்த பிறகு அவளுக்கு எழுந்த கேள்வி இது. இரண்டாம் மாடியில் இருந்த மெஸ்ஸியே மர்செலும் மதாம் ஒதெத்தும் தங்கள் வீட்டை விற்றுவிட்டார்கள். இனி இந்தக் கரவானைக் காரில் கொளுவிக்கொண்டு ஊர் ஊராகப் போய், நின்ற இடத்தில் சமைத்து, நின்ற இடத்தில் படுப்பார்களாம். கடனும் இல்லை, நோய் வருத்தமும் இல்லை, வெறும் ஆசை. கிணற்றுக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்று எனக்கு அப்போது தெரியாது. “தண்ணீர் எங்கே?” என்று கேட்டுவைத்தேன். மர்செல், பாவம், எங்களுக்குத் தாகம் என்று நினைத்து உள்ளே போய் இரண்டு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு மெர்சி சொன்னோம்.

யோகத்துக்கு இது வெறும் விடுப்புக் கேள்வி இல்லை. ஊரில், கோண்டாவிலில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. எங்களுக்கு என்று சொல்வது என் வாய்ப்பழக்கம். அது அவளுடைய சீதன வீடு, உறுதிப் பத்திரமும் அவள் பெயரில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும், ஆண் வீட்டோடு போவான். நாடு குழம்பியபோது அதைப் பூட்டிவிட்டு வந்தோம். பூட்டின் திறப்பு ஒரு கறுப்பு நூலில் கோத்தபடி அவளுடைய கைப்பையில் கிடந்தது. அந்த வருடம் அவள் தம்பி எழுதியிருந்தான்: வீட்டுக்கு ஆள் கேட்கிறது, விற்கலாமோ, அக்காவைக் கேட்டு எழுதுங்கோ. எனக்கு விற்கத்தான் விருப்பம். ஆளில்லாத வீட்டில் ஒரு ஷெல் விழுந்தால் பிறகு விற்கவும் ஒன்றும் இராது. யோகம் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பதில் போகாமலே இருந்தது.

ரூ பெர்தொனே தெருவில் மரக்கறிக் கடை வைத்திருந்த அண்ணையிடம் கரவான் கதையைச் சொன்னேன். “உலகம் தலைகீழாப் போச்சு, தம்பி” என்றார். “நாங்கள் அகதியா வந்து வீடு தேடுறம். அவன் வீட்டை வித்துப்போட்டு ரோட்டுக்கு இறங்கிறான். பேசாமல் உம்மடை அகதிக் கார்த் அட்டையை அவனிட்டைக் குடுத்துவிடும்!” கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மதாம் ஒதெத் எங்களுக்கு வெறும் அயலவர் இல்லை. ஆறாம் மாடியின் ஒற்றை அறைக்கு வந்த புதிதில் ஒருநாள் மீன் பொரித்தோம். கதவு தட்டுப்பட்டது. மணத்துக்குச் சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று நடுங்கினோம். அவரோ ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனார். அன்று தொடங்கிய பழக்கம். புறப்பட முதல்நாள் எங்களிடம் தேத்தண்ணிக்கு வந்தார். விற்ற வீடு அவருடைய தகப்பன் விட்டுப்போனது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

“ஐயோ, அப்ப சீதன வீடெல்லே!” என்று யோகம் திடுக்கிட்டாள். “மகளுக்கு என்னத்தைக் குடுப்பினம்? கேளுங்கோ.”

மகளுக்கு வில்லியே லே பெல்லில் சொந்த அப்பார்த்மான் வீடு இருக்கிறதாம். உருளுகிற கல்லில் பாசி பிடிக்காது என்று தங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு, ஓரிடத்தில் நில் என்று புத்தி சொல்ல வைத்தது, ஆனால் எனக்குப் பாசி எதற்கு என்று மதாம் சிரித்தார். நான் தமிழில் சொன்னேன்.

“அதுவும் சரிதான். பாசி பிடிச்சால் வழுக்கியெல்லே விழுத்தும்” என்றாள் கிணற்றடியில் வளர்ந்தவள்.

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்பது எங்கள் பழமொழி என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். விற்றுப்பார் என்று ஒருவரும் சொல்லவில்லையா என்று மதாம் கேட்டார். அதையும் யோகத்துக்குத் தமிழில் சொன்னேன்.

யோகம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “திறப்பைக் குடுக்கேக்கை அழுதவவோ? அதைக் கேளுங்கோ.”

அழவில்லையாம். கை லேசாக இருந்ததாம். அன்றிலிருந்து கரவானில்தான் படுக்கை. ஆனாலும் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் கட்டட வாசலில் கை தானாகப் பைக்குள் போகிறது, தேடுகிறது, அங்கே ஒன்றும் இல்லை என்றார் மதாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். யோகம் சிரிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காருக்கும் கரவானுக்கும் ஒவ்வொரு சில்லின் கீழும் யோகம் ஒரு தேசிக்காய் வைத்தாள். புது வாகனம் அதை நசித்துக்கொண்டுதானே முதல் பயணம் போக வேண்டும். மர்செல் காரிலிருந்து இறங்கி வந்து எல்லாவற்றையும் பொறுக்கி, கைலேஞ்சியால் துடைத்து, மீனுக்கு நல்லது என்று மெர்சி சொன்னார். “அடக் கடவுளே, இந்த மனுசன்!” என்று அவள் பறித்துத் திரும்பவும் வைத்தாள். அவர் திரும்பவும் குனிந்தார். மதாம் ஒரு சத்தம் போட்ட பிறகுதான் காரில் ஏறினார்.

மதாம் யோகத்தின் கையில் ஒரு சின்னத் திறப்பை வைத்தார். கரவானுடைய இரண்டாவது திறப்பு. மர்செல் எதையும் தொலைப்பவர், ஒன்று உங்களிடம் இருக்கட்டும் என்றார். பிறகு ‘போகிறோம்’ என்றார்.

“போறம் எண்டு சொல்லக்கூடாது. போட்டு வாறம் எண்டு சொல்லச் சொல்லுங்கோ” என்றாள் யோகம். சொன்னேன். எங்கே வருவது, வீடுதான் இல்லையே என்று மதாம் கேட்டார். அதற்கு என் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. யோகம் கையை உயர்த்தி ஆறாம் மாடியைக் காட்டினாள்.

தேசிக்காய்கள் வெடித்தன. கரவான் தெருமுனையில் திரும்பி மறைந்தது. தார் முழுக்கத் தேசிக்காய் மணம்.

“அப்ப தம்பிக்கு என்னெண்டு எழுதுவம்?” என்று கேட்டேன்.

அவள் வாசற்படியில் குந்தினாள். பையைத் திறந்து கறுப்பு நூலை எடுத்தாள். முடிச்சை அவிழ்த்து, கோண்டாவில் திறப்புக்குப் பக்கத்தில் கரவான் திறப்பையும் கோத்து, புது முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.